கிட்டார் சேடிலின் அடிப்பக்கம்

மேடையில் அக்கூஸ்டிக் கிட்டாரை ஆம்பில் செருகியதும் ஐந்து கம்பிகள் ஒழுங்காகப் பேசி, ஒரு கம்பி மட்டும் முணுமுணுத்தால் முதல் பழி கேபிள் மேல் விழும். அடுத்தது பேட்டரி. அதற்கும் அடுத்து, மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சவுண்ட்காரர். மூன்று பேர் மேலும் குற்றமில்லை என்று தெரிந்த பிறகு 'பிக்கப் போயிடுச்சு' என்று தீர்ப்பெழுதிவிட்டு, புதிது வாங்கி மாட்டிச் செருகிப் பார்ப்பார்கள். அதே கம்பி, அதே முணுமுணுப்பு. இந்தக் கதை பெரும்பாலும் தொடங்குவது சேடிலை மாற்றிய பிறகுதான். வாங்கும்போது இருந்த பிளாஸ்டிக் சேடிலைக் கழற்றிவிட்டு எலும்புச் சேடில் போட்டால் நாதம் தெளியும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சொன்னது பொய்யுமில்லை, செருகாமல் வாசித்தால் கிட்டார் முன்னைவிடக் கணீரென்றுதான் இருக்கும். செருகினால்தான் கோணல். ஒரே கிட்டார், ஒரே சேடில், இரண்டு விதமான விளைவு. சேடில் எதனால் ஆனது என்று ஆராய்வதை விட்டு அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். உள்ளே பிக்கப் பொருத்திய கிட்டாரில் சேடில் என்பது பிக்கப்பின் ஒரு பாதி. அதை மாற்றுகிறவர் ஒரு மின்கருவியின் பாகத்தை மாற்றுகிறார். கையில் எடுப்பது உப்புத்தாள் என்பதால் அது வெறும் தச்சு வேலையாகத் தோன்றிவிடுகிறது.

கிட்டாரின் முகப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் மரத்துண்டு பிரிட்ஜ். வீணையில் குதிரை செய்கிற வேலையை இங்கே பிரிட்ஜும், அதில் வெட்டிய காடிக்குள் நிற்கும் வெள்ளைப் பட்டையும் சேர்ந்து செய்கின்றன. அந்தப் பட்டைதான் சேடில். நீளம் ஏழு, ஏழரை சென்டிமீட்டர். தடிமன் பெரும்பாலும் 2.4 அல்லது 3.2 மில்லிமீட்டர், அங்குலக் கணக்கில் 3/32, 1/8. கம்பிகள் இதன் முதுகைத் தொட்டுத் தாண்டி, பின்னால் ஆணி செருகிய துளைகளுக்குள் இறங்குகின்றன. பலரும் போடும் 'லைட்' வகைக் கம்பிகளில் ஆறின் இழுவிசையையும் கூட்டினால் சுமார் 73 கிலோ வரும். சேடிலைத் தாண்டியதும் கம்பி 25 டிகிரி சாய்ந்து இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், சேடிலை நேர்கீழாக அமுக்கும் பாரம் 30 கிலோவை ஒட்டியிருக்கும். ஒரு மூட்டை சிமென்ட்டில் பாதிக்கும் மேலான பாரம், இரண்டரை சதுர சென்டிமீட்டர்கூடத் தேறாத ஓர் அடிப்பரப்பில். இது போதாதென்று, அதே கணக்கில் இன்னொரு விசையும் பிறக்கிறது: ஏறக்குறைய 7 கிலோ, சேடிலின் தலையைக் கிட்டாரின் வாய்த்துளைப் பக்கமாக முன்னே தள்ளியபடி இருக்கிறது. பிக்கப் இல்லாத கிட்டாரில், சேடில் காடிக்குள் இறுகி நிற்கும்வரை, இந்த இரண்டாம் விசையைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட வேண்டியதில்லை. பிக்கப் இருந்தால் அது பாதி வில்லங்கத்துக்குக் காரணம்.

பிக்கப் படுத்திருப்பது இந்தப் பாரத்துக்கும் காடியின் தரைக்கும் நடுவில். சில படிகங்களை அமுக்கினால் அவற்றின் பரப்பில் மின்னூட்டம் தோன்றுகிறது என்று ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற பிரெஞ்சுச் சகோதரர்கள் 1880இல் காட்டினார்கள்; பின்னாளில் மேரி கியூரியை மணந்தவர்தான் இந்தப் பியர். இந்த விளைவைக் கொண்டு வேலை செய்கிற எதையும் கிட்டார் உலகில் பியசோ என்று சுருக்கிச் சொல்கிறார்கள். மலிவான கிட்டார்களில் வருவது விறைப்பான ஒரு குச்சி. அதற்குள் சின்னச் சின்னப் பீங்கான் துண்டுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். விலை கூடியவற்றில் நாடாபோல வளைந்துகொடுக்கும் பட்டையோ, பின்னல் உறை போட்ட மெல்லிய கேபிளோ வரும். வளையும் வகைகளுக்கு வழி திறந்ததில், நீட்டி மின்னேற்றிய பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக் படலத்துக்கும் இதே குணம் உண்டு என்று ஜப்பானின் ஹெய்ஜி கவாய் 1969இல் கண்டறிந்ததற்குப் பெரும் பங்கு உண்டு. எந்த வகையானாலும் பியசோவுக்கு ஒரு விசித்திரக் குணம்: அசையாத பாரம் அதன் காதில் விழாது. 30 கிலோ அமுக்கத்தில் பிறந்த மின்னூட்டம் சட்டென்று கசிந்து போய்விடும். அமுக்கம் கூடிக் குறைவதை மட்டுமே அது மின்குறியாக மாற்றுகிறது. ஆகவே 'நன்றாக அமுங்கினால் நன்றாகக் கேட்கும்' என்பது பாதி உண்மைதான். ஒவ்வொரு கம்பியின் அதிர்வும் சேடில் வழியாக நேராகக் கீழே இறங்கி, தனக்குக் கீழே இருக்கும் பிக்கப் பகுதியை இடைவெளியில்லாமல் தொட வேண்டும். ஒரு கம்பிக்குக் கீழே மட்டும் தாளின் பாதித் தடிமனுக்கு இடைவெளி விழுந்தால்கூட அதன் அதிர்வு பக்கத்துக் கம்பிகளின் பாதையில் திரும்பிவிடும். காதுக்கு அது 'கம்பி செத்துப்போச்சு' என்று கேட்கும்.

இதெல்லாம் பழுதுபார்ப்பவர்களின் மிகையா என்று சந்தேகப்படுகிறவர்கள் இந்தக் கருவியின் வரலாற்றைப் பார்க்கலாம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹெலிகாப்டர் செய்துகொண்டிருந்த சார்ல்ஸ் கமன், தாமும் கிட்டார் வாசிப்பவர் என்பதால், 1966இல் ஓவேஷன் என்ற பெயரில் முதுகு உருண்ட கிட்டார்களைச் செய்ய ஆரம்பித்தார். அவருடைய பொறியாளர்களுக்கு அதிர்வு என்பது அன்றாடப் பிழைப்பு. ஹெலிகாப்டரில் அதிர்வைக் கணக்குப் பார்க்காமல் விட்டால் இறக்கை கழன்றுவிடும். பாடகர் கிளென் கேம்பல் 1969 முதல் 1972 வரை நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஓவேஷன் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்ததால் அந்தப் பெயர் பரவியது. அவர்களுடைய பிக்கப்பில் கம்பிக்கு ஒன்றாக ஆறு தனித்தனிப் பியசோ துண்டுகள் இருந்தன; அவை சேடில் அமைப்புக்குள்ளேயே அடங்கியிருந்தன. பிறகு 1970களின் இறுதியில் ஜப்பானின் தகாமினே நிறுவனமும் ஆறு கம்பிக்கு ஆறு தனி உணரிகளைப் பிரிட்ஜுக்குள் கீழிருந்து செருகும் முறையைக் கொண்டுவந்தது. இரண்டு நாடுகளில், இரண்டு வெவ்வேறு தொழிற்சாலைகளில், கிட்டத்தட்ட ஒரே யோசனை. ஒரு நீளப் பட்டையின் மேல் ஒரு நீளச் சேடிலை வைத்தால் ஆறு கம்பிக்கும் சமமான தொடுகை கிடைப்பது அரிது என்பதை அவர்கள் தெரிந்துவைத்திருந்தார்கள் என்றுதான் இதை நான் படிக்கிறேன். தகாமினேயிலும் வட அயர்லாந்தின் லோடன் கிட்டார்களிலும் சேடில் இரண்டு துண்டாக இருக்கும். அது முதன்மையாகச் சுருதி பிசகாமல் இருப்பதற்காகச் செய்தது. ஆனால் துண்டாகிவிட்டால் ஒன்றின் கோணல் மற்றதைத் தூக்கிப் பிடிப்பதில்லை என்பது கூடுதல் ஆதாயம். நம் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான கிட்டார்களில் இருப்பது அந்த எளிய, விலை குறைந்த, கோணலை மன்னிக்காத அமைப்பு: ஒரு காடி, ஒரு குச்சி, ஒரு சேடில்.

கோணல் எங்கே என்பதைப் பெரும்பாலும் காதே சொல்லிவிடும். நடுவிலுள்ள டி, ஜி கம்பிகள் முரட்டுத்தனமாக ஒலித்து இரண்டு ஓரத்து ஈ கம்பிகளும் மெலிந்திருந்தால், சேடிலின் அடி நடுவில் புடைத்திருக்கிறது அல்லது காடியின் தரை நடுவில் மேடாகியிருக்கிறது. ஓரங்கள் ஓங்கி நடு மெலிந்தால் நேர் எதிர். வரிசையாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சத்தம் தேய்ந்துகொண்டே போனால் சேடில் சரிவாக உட்கார்ந்திருக்கிறது. தடித்த ஈ கம்பி மட்டும் தனியாகச் சொதப்பினால் பிக்கப்பின் ஒயர் கீழே இறங்கும் துளையைப் பார்க்க வேண்டும். பல கிட்டார்களில் துளை அந்த ஓரத்தில்தான் இருக்கும். துளையின் விளிம்பு கூர்மையாக இருந்தால் பட்டை அங்கே மடங்கி மேலெழும், சேடில் அந்த மேட்டின் மேல் ஏறி நிற்கும். விளிம்பைக் கொஞ்சம் மழுக்கி, ஒயர் சரிந்து இறங்கும்படி வழி செய்தால் ஆயிரக்கணக்கில் செலவு மிச்சம். காடிக்குள் கிடக்கும் ஒரு மரத்தூள் துணுக்கோ, முன்பு யாரோ ஊற்றிய பசையின் பொருக்கோகூட இதே வேலையைச் செய்யும். இப்படி ஒவ்வொரு குறைக்கும் ஓர் அடையாளம் இருக்கிறது, அந்த அடையாளங்கள் எல்லாமே தொடுகையைத்தான் காட்டுகின்றன. சேடில் எந்தப் பொருளால் ஆனது என்பது உண்மையான காரணமாக இருந்தால் ஆறு கம்பியும் ஒன்றாகக் கெட்டிருக்க வேண்டும். ஒன்றோ இரண்டோ மட்டும் கெடுவது பொருளைக் காட்டுவதில்லை, இடத்தைக் காட்டுகிறது.

எலும்பின் ஆதரவாளர்கள் இங்கே கையை உயர்த்துவார்கள். எலும்பு பிளாஸ்டிக்கைவிட நாதம் கொடுக்கும் என்பது கட்டுக்கதையா? இல்லை. மாட்டின் கால் எலும்பு சாதாரண வார்ப்பு பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு விறைப்பானது, அடர்த்தியும் கூடுதல். கம்பியின் அதிர்வை அது குறைவாகவே விழுங்கும். அதனால் செருகாமல் வாசிக்கும்போது வித்தியாசம் தெரிவதில் வியப்பில்லை. ஆனால் அந்த விறைப்புதான் பிக்கப்பின் முன்னால் வம்பாக மாறுகிறது. மலிவான பிளாஸ்டிக் சேடில் 30 கிலோ பாரத்தின் கீழ் தரையின் மேடு பள்ளத்துக்கு ஏற்பக் கொஞ்சம் இணங்கிப் படியும். தொழிற்சாலையில் அவசரமாக வெட்டிய காடியின் குறையை அது மூடி மறைத்துவிடும். எலும்பு இணங்காது, எங்கே மேடோ அங்கே மட்டும் நிற்கும். எலும்பைப் போட்டதால் சத்தம் கெட்டது என்று சொல்லப்படும் பல இடங்களில், ஏற்கெனவே இருந்த குறையை எலும்பு அம்பலப்படுத்தியிருக்கும், அவ்வளவுதான். எதிர்முகாமில் இன்னொரு வாதம் உண்டு: எலும்பு ஓர் உயிரின் உடலில் வளர்ந்தது, உள்ளே நுண்ணிய குழல்கள் ஓடுகின்றன, ஒரு முனை அடர்ந்தும் மறுமுனை தளர்ந்தும் இருக்கலாம், ஆகவே பிக்கப்புக்கு டஸ்க் போன்ற செயற்கைப் பொருளே ஏற்றது என்பது. கனடாவின் கிராஃப் டெக் நிறுவனம் செய்யும் அந்தப் பொருள் நெடுகிலும் ஒரே சீராக இருப்பது உண்மை. வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் எலும்பின் உள்சீர்மையில் இருக்கும் வேறுபாடும், அடிப்பக்கம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் புடைத்திருப்பதும் ஒரே தராசில் வைக்கத் தக்கவை அல்ல. புடைப்பை நீக்காமல் பொருளை மாற்றுவது வீண் செலவு. புடைப்பை நீக்கிய பிறகு எலும்பா டஸ்க்கா என்பது பெரும்பாலும் விருப்பம் சார்ந்தது. நானாக இருந்தால், உப்புத்தாளில் தேய்த்துப் பழக்கமில்லாதவருக்கு டஸ்க்கையே சொல்வேன். எலும்பு தேய்க்கக் கடினம், அதன் தூள் மூக்கில் ஏறும், பல் டாக்டர் அறை வாடை வீடெல்லாம் அடிக்கும். எதைத் தேய்த்தாலும் முகக்கவசம் தேவை.

'சேடில் காடிக்குள் இறுக்கமாக இருக்க வேண்டும்' என்பது அடுத்த நம்பிக்கை. பிக்கப் இல்லாத கிட்டாருக்கு அது சரியான அறிவுரைதான். பக்கச் சுவரைத் தொட்டாலும் தரையைத் தொட்டாலும் அதிர்வு மரத்துக்குள்தான் போகிறது. பிக்கப் உள்ள கிட்டாரில் பக்கச் சுவருக்குப் போகிற அதிர்வு பிக்கப்புக்குப் போகாத அதிர்வு. சுத்தியலால் தட்டி இறக்கும் அளவுக்கு இறுகிய சேடில் தரைவரை இறங்காமலே பாதியில் தொங்கிக்கொண்டிருக்கலாம், மேலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. அதற்காகத் தொளதொளவென்று விட்டுவிடவும் முடியாது. முன்னே சொன்ன அந்த 7 கிலோ இங்கே வந்து நிற்கும். தளர்ந்த சேடில் வாய்த்துளைப் பக்கமாகச் சாயும், அதன் அடியின் முன்விளிம்பு மட்டும் பிக்கப்பில் குத்தும், பின்விளிம்பு தூக்கிக்கொள்ளும். ஒலி மெலிவதோடு சுருதியும் பிசகும், ஏனென்றால் கம்பியின் நீளமே மாறுகிறது. நாள்பட்டால் பிரிட்ஜின் முன்சுவர் பிளக்கவும் செய்யும். இந்தச் சாய்வை ஈடுகட்டச் சில கிட்டார் செய்பவர்கள் காடியையே சில டிகிரி பின்பக்கம் சாய்த்து வெட்டுகிறார்கள். நல்ல யோசனை, ஆனால் கைவசம் இருக்கும் கிட்டாரை அப்படி மாற்ற ரூட்டரும் தேர்ந்த கையும் வேண்டும். மற்றவர்களுக்கு ஒரு நடைமுறை அளவுகோல் போதும்: சேடில் விரலால் அழுத்தினால் தரைவரை இறங்க வேண்டும், விரலால் பிடித்து இழுத்தால் வெளியே வர வேண்டும், முன்னும் பின்னும் அசைத்தால் ஆடக் கூடாது. தடிமனைக் குறைக்க வேண்டியிருந்தால் பக்கங்களை ஒரே சீராகத் தேய்க்க வேண்டும். கடையில் 3 மில்லிமீட்டர் என்று எழுதி விற்கும் சேடிலும் 3.2 மில்லிமீட்டர் காடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வெர்னியர் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இனி உயரம். கம்பிகள் விரல்பலகைக்கு மேலே எவ்வளவு தூக்கி நிற்கின்றன என்பதைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அளப்பது வழக்கம். தடித்த ஈ கம்பிக்கு 2.4, மெல்லிய ஈ கம்பிக்கு 1.6 மில்லிமீட்டர் என்பது பலருக்கும் ஒத்துவரும் அளவு. பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பியின் சரிபாதியில் இருப்பதால் அங்கே அரை மில்லிமீட்டர் இறக்க வேண்டுமானால் சேடிலில் ஒரு மில்லிமீட்டர் எடுக்க வேண்டும். பிக்கப் இல்லாத கிட்டாரில் புதிதாக ஒரு பிக்கப் பட்டையைச் செருகினால் இதே கணக்கு தலைகீழாகும்: பட்டை ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்றால் கம்பி அரை மில்லிமீட்டர் எழும், அதே ஒரு மில்லிமீட்டரைச் சேடிலில் குறைத்தாக வேண்டும். எங்கே குறைப்பது? சேடிலின் முதுகு, விரல்பலகையின் வளைவுக்கும் ஒவ்வொரு கம்பியின் சுருதிக்கும் ஏற்பச் செதுக்கப்பட்டிருக்கிறது. அதில் கை வைத்தால் எல்லாம் கெடும். ஆகவே எல்லோரும் அடியில்தான் தேய்க்கிறார்கள். ஆக, உயரத்தைச் சரிசெய்யும் ஒவ்வொரு முறையும், மிகவும் நேராக இருக்க வேண்டிய அந்த ஒரு பரப்பைத்தான் கலைக்கிறோம். கையில் பிடித்து உப்புத்தாளில் முன்னும் பின்னும் இழுத்தால் விரல்கள் இரண்டு முனைகளையும் கூடுதலாக அமுக்கும், திருப்பத்தில் மணிக்கட்டு லேசாகச் சாயும். முனைகள் அதிகம் தேய்ந்து அடி படகுபோல வளைந்துவிடும். டி, ஜி கம்பிகள் முரட்டுத்தனமாக ஒலிக்கும் பெரும்பாலான சேடில்கள் இப்படிப் பிறந்தவைதான்.

இதற்கு மாற்றாக, தடித்த கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி, நேராக இழைத்த மரக்கட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்து, சேடிலை அதன் முகத்தோடு சேர்த்துப் பிடித்து, கட்டையையும் சேடிலையும் ஒன்றாக நகர்த்த வேண்டும். முதலில் 120 எண், முடிக்கும்போது 400. அடிப்பக்கம் முழுவதும் பென்சிலால் குறுக்குக் கோடுகள் போட்டுவிட்டு இரண்டு இழுப்பு இழுத்துத் திருப்பிப் பார்த்தால் கோடு அழிந்த இடம் மேடு, அழியாமல் நிற்கும் இடம் பள்ளம். எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்தில் மங்கி மறையும்வரை தேய்ப்பதும் பார்ப்பதுமாகப் போக வேண்டியதுதான். கடைசியில் எஃகு அளவுகோலின் விளிம்பை அடியில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடுக்கு வழியாக ஒளி கசியக் கூடாது. அடி பக்கத்துக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்பதற்குத் தச்சரின் மூலைமட்டம் இருக்கிறது. அடி விளிம்புகளின் கூர்மையை ஒரே ஒரு வருடலில் மழுக்கிவிட்டால் போதும். எடுக்க வேண்டிய அளவை ஒரே மூச்சில் எடுக்காமல், கொஞ்சம் மீதம் வைத்து, கம்பி கட்டி, செருகிக் கேட்டு, மறுபடி கழற்றுவது எரிச்சலான வேலைதான். ஆனால் தேய்த்ததை ஒட்ட முடியாது. எல்லாக் கம்பியையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் கழுத்து வளைந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் பயப்பட வேண்டாம், சில மணி நேரத் தளர்வில் ஒன்றும் ஆகாது.

'இவ்வளவு பாடு எதற்கு, மெலிந்த கம்பிக்குக் கீழே ஒரு தாள் துண்டை வைத்துவிட்டால் போகிறது' என்பார்கள். வேலை செய்யும், மறுக்கவில்லை. நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது அதைவிடச் சிறந்த வழியும் இல்லை. ஆனால் தாள் மென்மையானது. மேல் அதிர்வெண்களை அது விழுங்கும், மாதக்கணக்கில் நசுங்கி மெலியும், பழைய கோணல் திரும்பி வரும். சேடில் உயரம் குறைந்துபோனதால் கட்டாயம் ஏதாவது வைத்தாக வேண்டும் என்றால், நெடுகிலும் ஒரே தடிமனுள்ள கடினமான மரப்பட்டையைப் பிக்கப்புக்கும் கீழே, காடித் தரையில் வைப்பது மேல். இன்னொரு பதில் ஈக்வலைசர். அது அதிர்வெண் வாரியாக ஏற்றி இறக்கும், கம்பி வாரியாக ஏற்றி இறக்காது. மெலிந்த பி கம்பியைத் தூக்க ஒரு பட்டனைத் திருப்பினால் ஜி கம்பியின் மேல்ஸ்தாயிச் சுரங்களும் கூடவே எழுந்து நிற்கும். மின்னணுப் பகுதி தவறு செய்வதே இல்லை என்று சொல்ல வரவில்லை. பியசோவுக்குத் தன்னைவிட மிக உயர்ந்த மின்தடையுள்ள உள்ளீடு வேண்டும்; பிக்கப்பின் மின்தேக்கம் ஒரு நானோஃபாரட் என்று வைத்துக்கொண்டு ஒரு மெகா ஓம் உள்ளீட்டில் செருகினால் சுமார் 160 ஹெர்ட்சுக்குக் கீழே ஒலி தேய ஆரம்பிக்கும், தடித்த ஈ கம்பியோ 82 ஹெர்ட்ஸ். கிட்டாரின் பக்கவாட்டில் 9 வோல்ட் பேட்டரியோடு ஒரு பிரீஆம்ப் இருப்பது இதற்காகத்தான். அது பழுதானாலோ பேட்டரி இறங்கினாலோ கிட்டார் முழுவதும் சன்னமாகும், கரகரக்கும். பிரித்தறியும் வழி இதுவே: குறை எல்லாக் கம்பிக்கும் பொதுவென்றால் மின்பக்கம் தேடுங்கள், கம்பிக்குக் கம்பி மாறினால் சேடிலைக் கழற்றுங்கள்.

பியசோவின் ஒலியே மூக்கால் பேசுவது மாதிரி இருக்கிறது, சேடிலோடு மல்லுக்கட்டுவதைவிட அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வாய்த்துளையில் காந்தப் பிக்கப் மாட்டலாம், அல்லது எதிரே மைக் வைக்கலாம் என்பது கடைசி மறுப்பு, வலுவானதும்கூட. பதிவு அறையில் யாரும் பியசோவை மட்டும் நம்புவதில்லை, மைக்குக்கு ஈடில்லை. ஆனால் சர்ச் ஆராதனையிலும் மெல்லிசைக் கச்சேரியிலும் கிட்டாருக்கு இரண்டடி தள்ளி டிரம்ஸும் காலடியில் மானிட்டரும் இருக்கும். அங்கே மைக் வைத்தால் கிட்டார் தவிர மற்ற எல்லாம் கேட்கும், கொஞ்சம் சத்தம் கூட்டினாலே ஊளையிடும். வீணைக் கச்சேரிகளில் காண்டாக்ட் மைக் வந்தபோது நாதம் போச்சே என்று அங்கலாய்த்தவர்களும் இருந்தார்கள்; பெரிய அரங்கின் கடைசி வரிசைக்குக் கேட்க வேறு வழியில்லாததால் அது நிலைத்தது. காந்தப் பிக்கப்புக்குச் சேடிலைப் பற்றிக் கவலை இல்லை என்பது பெரிய நிம்மதிதான். ஆனால் அது கேட்பது இரும்புக் கம்பியின் ஆட்டத்தைப் பிரதானமாக, மரத்தின் பேச்சை மிகக் கொஞ்சமாக. நைலான் கம்பிக் கிட்டாருக்கு அது உதவவே உதவாது. பியசோவின் மூக்கொலியில் ஒரு பங்கு அதன் பிறவிக்குணம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும், எவ்வளவு நேராகத் தேய்த்தாலும் அது முற்றிலும் போகாது. ஆனால் மோசமாகப் படிந்த சேடிலோடு கேட்டுவிட்டு அந்த இனத்தையே நிராகரிப்பது அவசரம்.

ஒருமுறை சரியாகச் செய்துவிட்டால் ஆயுளுக்கும் போதுமா என்றால், அதுவும் இல்லை. காற்றில் ஈரம் ஏறினால் முகப்புப் பலகை ஊதி வயிறு தள்ளும். பிரிட்ஜ் அதோடு ஒட்டியிருப்பதால் காடியின் தரையும் நடுவில் லேசாக எழும்பும். ஏ.சி. அறையில் வைத்துச் சரிசெய்த கிட்டார் ஐப்பசி மழையில் வேறு மாதிரி ஒலிப்பதற்கு இது ஒரு காரணம், வாசிப்பவரின் பிரமை அல்ல. ஆகவே மழைக்காலத்தில் திடீரென்று நடுக்கம்பிகள் எழும்பினால் உடனே உப்புத்தாளை எடுக்காமல், கிட்டாரைச் சில நாள் உறையில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு மூடி வைத்துப் பார்ப்பது நல்லது. பலகை நிரந்தரமாகவே ஊதிவிட்டால் காடியின் தரையை ரூட்டரால் புதிதாக நேராக்க வேண்டும், அது பட்டறைக்குரிய வேலை. பட்டறையில் கொடுப்பவர்கள் 'எலும்பு சேடில் போடணும்' என்று மட்டும் சொல்லாமல், 'காடித் தரை நேரா இருக்கான்னு பாருங்க, செருகி ஆறு கம்பியும் கேட்டுட்டு வாங்கிக்கறேன்' என்று சொல்லிக் கொடுக்கலாம். பழைய சேடிலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதியது உயரத்தில் பிசகினால் அளவெடுக்க அதுதான் மாதிரி, புதியதைப் போட்டதால்தான் ஒரு கம்பி மெலிந்ததா என்ற தகராறு வந்தால் பத்து நிமிடத்தில் மாற்றிப்போட்டுத் தீர்த்துக்கொள்ளவும் அதுதான் உதவும்.